வளைந்து கொடுப்பது யார்?

(வேலைவாய்ப்பு வழிகாட்டல் தொடருக்காகப் பதிவு செய்த உரையின் எழுத்து வடிவம். கேட்க நேரமில்லாதவர்கள் படிக்கலாம்.)



போன மாதம் ஒரு ராத்திரி, என்னோடு இதழியல் படித்த தோழி ஒருத்தி ஜெர்மனியிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். கணவருக்கு அங்கே இன்ஜினியர் வேலை. இவள் இங்கே பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுக் கூடப் போனாள். இப்போது கையில் ஒன்றரை வயதுக் குழந்தை. காலை நேரத்தில் ஒரு பேக்கரியில் வேலை, வாரத்துக்குப் பத்து மணி நேரம். அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஏய், நீதான் கவர்மென்ட் பத்திரிகையில எழுதுறியே, சொல்லு. எனக்கு வேலை இருக்கா, இல்லையா?"

முதலில் சிரிப்புதான் வந்தது. சம்பளம் வாங்குகிறவள் கேட்கிற கேள்வியா இது? ஆனால் தேடிப் படிக்கப் படிக்க, அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று புரிந்தது. ஐரோப்பாவில் பெண்களும் வேலையும் பற்றிய பெரிய விவாதமே அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு மணி நேரம் போதும்

முதலில் கணக்கு. ஒரு நாட்டில் வேலையில்லாதவர் யார் என்று எப்படி எண்ணுகிறார்கள்? சர்வதேச தொழிலாளர் அமைப்பு வகுத்த விதியைத்தான் ஐரோப்பிய ஒன்றியமும் பின்பற்றுகிறது. கணக்கெடுக்கும் வாரத்தில் சம்பளத்துக்காக ஒரே ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் நீங்கள் வேலையில் இருப்பவர். வேலையில்லாதவர் என்று பெயர் வாங்க வேண்டுமானால் மூன்றும் பொருந்த வேண்டும்: அந்த வாரம் வேலை இல்லை, கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடியிருக்கிறீர்கள், கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் சேரத் தயார்.

இப்போது யோசித்துப் பாருங்க. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் வேலை தேடுவதையே நிறுத்திவிட்ட ஒரு அம்மா இந்தக் கணக்கில் எங்கே வருவார்? வேலையில்லாதவர் பட்டியலில் அவர் இல்லை. தேடவில்லையே! வாரம் முப்பது மணி நேரம் வேலை வேண்டும், கிடைத்தது பத்துதான் என்கிறவர்? அவர் வேலையில் இருப்பவர். இந்த இரண்டு கூட்டத்திலும் ஐரோப்பா முழுக்கப் பெண்களே அதிகம்.

அதனால்தான் வேலையின்மை விகிதத்தை மட்டும் பார்த்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வேலையில் இருப்பவர்களை எண்ணினால் தெரியும். 2023-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் 20 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களில் நூற்றுக்கு 80 பேர் வேலையில் இருந்தார்கள். பெண்களில் 70 பேர். நடுவில் இருக்கிற அந்தப் பத்து பேரில் பெரும்பாலானவர்கள் வேலையின்மைக் கணக்கில் வராமல் வீட்டுக்குள் இருக்கிறார்கள்.

எண்கள் வேறு விதத்திலும் ஏமாற்றும். 2000-ம் ஆண்டு வாக்கில் ஒன்றியத்தில் பெண்களின் வேலையின்மை ஆண்களுடையதைவிடத் தெளிவாக அதிகம். 2009-ல் இரண்டும் ஏறத்தாழச் சமமாகிவிட்டன. சமத்துவம் வந்துவிட்டதா? இல்லை. 2008 நிதி நெருக்கடியில் கட்டடத் தொழிலும் ஆலைகளும் முதலில் அடி வாங்கின. அங்கே வேலை பார்த்த ஆண்கள் கூட்டமாக வேலை இழந்தார்கள். ஆண்களின் நிலை சரிந்ததால் இடைவெளி குறைந்தது.

இத்தாலியைப் பாருங்க. அங்கே சராசரி மணிக்கூலியில் ஆண் பெண் வித்தியாசம் நூற்றுக்கு 5-க்கும் கீழே. ஜெர்மனியில் 2023-ல் அது 17-க்கு மேல். அப்படியானால் இத்தாலிப் பெண்கள் கொடுத்து வைத்தவர்களா? ஒன்றியத்திலேயே பெண்கள் மிகக் குறைவாக வேலைக்குப் போகும் நாடுகளில் இத்தாலி ஒன்று. நன்றாகப் படித்து, நல்ல சம்பளம் வாங்கக்கூடிய பெண்களே அதிகமாக வேலையில் நீடிக்கிறார்கள். குறைந்த சம்பளத்துக்குப் போயிருக்க வேண்டியவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சராசரியில் சேராததால் சராசரி அழகாகத் தெரிகிறது.

பகுதிநேரம் தப்பா?

தப்பே இல்லை. வேலை நேரத்தை நமக்குத் தகுந்த மாதிரி கூட்டிக் குறைத்துக்கொள்வதைத்தான் நெகிழ்வு வேலை என்கிறோம். இதில் உலகத்துக்கே உதாரணமாகச் சொல்லப்படுவது நெதர்லாந்து.

1982-ல் அங்கே வேலையின்மை கடுமையாக இருந்தது. வாசனார் என்ற ஊரில் முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டன. தொழிலாளர்கள் சம்பள உயர்வைக் கேட்டு நெருக்க மாட்டார்கள். பதிலுக்கு, வேலை நேரத்தைக் குறைத்து இருக்கிற வேலையைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்க முதலாளிகள் சம்மதித்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் பகுதிநேர வேலை அங்கே பெருகியது. அதுவரை வீட்டோடு இருந்த பெண்கள் பலர் அந்த வழியாகத்தான் வேலைக்கு வந்தார்கள்.

அவர்கள் அங்கேயே நிற்கவில்லை. பகுதிநேர ஊழியருக்கு மணிக்கணக்கில் குறைந்த கூலி கொடுக்கக் கூடாது என்று 1996-ல் சட்டம் வந்தது. 2000-ல் இன்னொரு சட்டம். பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் தன் நேரத்தைக் குறைக்கவோ கூட்டவோ கேட்கலாம். தொழிலுக்குக் கடுமையான பாதிப்பு என்று காரணம் காட்ட முடிந்தால்தான் முதலாளி மறுக்கலாம். 'கூட்டவோ' என்ற சொல்லைக் கவனிங்க. குறைப்பதை மட்டும் உரிமையாக்கினால், உள்ளே போனவர் வெளியே வர வழி இருக்காது.

இருந்தும், இன்று நெதர்லாந்தில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் பகுதிநேரம்தான். ஆண்களில் இருபது சொச்சம். சட்டம் இருவருக்கும் பொது, ஆனால் வீடு என்று வந்தால் நேரத்தைக் குறைத்துக்கொள்வது பெரும்பாலும் பெண்தான். நேரம் குறைந்தால் பதவி உயர்வு தள்ளிப்போகும், ஓய்வூதியச் சேமிப்பும் குறையும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 65 வயது தாண்டிய பெண்களின் ஓய்வூதியம் ஆண்களுடையதைவிட ஏறத்தாழக் கால் பங்கு குறைவு. முப்பது வயதில் எடுத்த முடிவுக்கு எழுபது வயதில் பில் வருகிறது.

மினிஜாப் என்னும் சின்ன வேலை

இப்போது என் தோழியிடம் வருவோம். அவள் பார்ப்பது மினிஜாப். 2003-ல் ஜெர்மனி தன் தொழிலாளர் சட்டங்களை மாற்றியபோது இதற்கு இன்றைய வடிவம் கிடைத்தது. மாதச் சம்பளம் ஒரு வரம்புக்குள் இருந்தால் ஊழியருக்கு வரி, காப்பீட்டுப் பிடித்தம் எல்லாம் பெரும்பாலும் இல்லை. அப்போது வரம்பு 400 யூரோ, 2025-ல் 556 யூரோ. குறைந்தபட்சக் கூலியில் வாரத்துக்குப் பத்து மணி நேரம் உழைத்தால் வருகிற தொகை அது. ஏறத்தாழ 70 லட்சம் பேர் இப்படி வேலை செய்கிறார்கள், பாதிக்கு மேல் பெண்கள்.

கைக்கு முழுச் சம்பளம் வருகிறதே, நல்லதுதானே என்று தோன்றும். மாணவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்மையிலேயே வசதிதான். குடும்பப் பெண் ஒருத்தி பத்து வருஷம் அதிலேயே இருந்துவிட்டால்? வேலையின்மைக் காப்பீடு கிடையாது. வேலை போனால் உதவித்தொகை இல்லை. சொந்த மருத்துவக் காப்பீடு இல்லை, கணவரின் குடும்பக் காப்பீட்டில் பெயர் சேர்ந்திருக்கும். மணமுறிவு என்று வந்தால் அந்தக் குடும்பக் காப்பீடும் நின்றுவிடும். அதோடு, 2008-ல் மாறிய ஜீவனாம்சச் சட்டப்படி, விவாகரத்துக்குப் பிறகு அவரவர் பிழைப்பை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் பொது விதி. கல்யாணம் இருக்கும்வரை குறைவாக வேலை செய் என்று ஒரு சட்டம் ஊக்கம் கொடுக்கிறது. முறிந்த மறுநாள் சொந்தக் காலில் நில் என்று இன்னொரு சட்டம் சொல்கிறது.

2020-ல் கொரோனா வந்தபோது இது நேரடியாகத் தெரிந்தது. ஜெர்மனியில் 'குறுகிய நேர வேலை' என்று ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. நெருக்கடி வந்தால் ஆளை நீக்காமல் வேலை நேரத்தைக் குறைப்பார்கள். இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, குழந்தை இருந்தால் 67 சதவீதத்தை அரசு தரும். 2009-ல் நாட்டின் உற்பத்தி ஐந்து சதவீதத்துக்கு மேல் சரிந்தும் அங்கே வேலையின்மை அதிகம் ஏறாமல் இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் காப்பீட்டுப் பணம் கட்டியவர்களுக்குத்தான் இந்தத் தொகை. மினிஜாப் பார்த்தவர்களுக்கு இல்லை. ஓட்டலும் கடையும் மூடியபோது முதலில் வெளியே போனது அவர்கள்தான்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ஜெர்மனியில் தம்பதி இருவரும் சேர்ந்து வரிப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். பல குடும்பங்களில் அதிகம் சம்பாதிக்கும் கணவர் 3-ம் பிரிவிலும் மனைவி 5-ம் பிரிவிலும் இருப்பார்கள். அவர் சம்பளத்தில் பிடித்தம் குறையும், இவர் சம்பளத்தில் கூடும். மாதாமாதம் வீட்டுக்கு வரும் மொத்தப் பணம் கொஞ்சம் அதிகம். ஆனால் வேலையின்மை உதவி, குறுகிய நேர வேலைத் தொகை, பெற்றோர் விடுப்புக்கால உதவி எல்லாம் நிகரச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். வெட்டுப்பட்டது மனைவியின் நிகரச் சம்பளம். அதனால் அவருக்குக் கிடைக்கும் உதவியும் வெட்டுப்படும்.

வளைவது முதலாளிக்காக என்றால்

நெகிழ்வுக்கு இன்னொரு முகமும் உண்டு. நமக்காக நேரம் வளைவது ஒன்று. முதலாளிக்காக நாம் வளைவது வேறு. ஸ்பெயினில் பல ஆண்டுகளாக ஊழியர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்தார். நெருக்கடி வந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் போதும், ஆள் வீட்டுக்குப் போய்விடுவார். 2013-ல் அங்கே வேலையின்மை 26 சதவீதத்தைத் தொட்டது. கர்ப்பம் என்று தெரிந்தால் ஒப்பந்தம் நீளாதோ என்ற பயத்தோடு ஒரு தலைமுறைப் பெண்கள் வேலை பார்த்தார்கள். 2021 கடைசியில் அரசும் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் பேசி ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்தன. நிரந்தர ஒப்பந்தமே இயல்பு, தற்காலிகத்துக்குக் காரணம் காட்ட வேண்டும். இரண்டே ஆண்டில் தற்காலிக ஊழியர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தார்கள்.

இத்தாலியில் நடந்தது இன்னும் கொடுமை. வேலையில் சேரும்போதே, தேதி போடாத ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இருந்தது. பெண் ஊழியர் கர்ப்பமானதும் தேதியை நிரப்பி, "அவரே விலகிவிட்டார்" என்று காட்டிவிடலாம். 2007-ல் இதைத் தடுக்கச் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டே நீக்கப்பட்டது. கடைசியில் 2016 மார்ச் முதல் ராஜினாமாவை அரசின் ஆன்லைன் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். ஏழு நாளுக்குள் திரும்பப் பெறவும் செய்யலாம். பழைய காகிதத்துக்கு மதிப்பே இல்லாமல் போனது. ஒரு ஆன்லைன் படிவம் ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்ற முடியும் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த சேதி.

சட்டம் தானாக வரவில்லை

"சம வேலைக்குச் சம ஊதியம்" 1957 ரோம் ஒப்பந்தத்திலேயே, 119-ம் பிரிவில் இருக்கிறது. இருபது வருஷம் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது. பெல்ஜியத்தின் சபேனா விமான நிறுவனத்தில் பணிப்பெண்ணாக இருந்த காப்ரியேல் தெஃப்ரேன் 40 வயதானதும் 1968-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அதே வேலை பார்த்த ஆண்களுக்கு அந்த வயது வரம்பு இல்லை. ஊதியமும் பெண்களுக்குக் குறைவு. ஏலியான் வோஜெல் பொல்ஸ்கி என்ற பெண் வழக்கறிஞர் வழக்கை எடுத்து நடத்தினார். 1976-ல் ஐரோப்பிய நீதிமன்றம், அந்தப் பிரிவைக் காட்டி எந்தக் குடிமகளும் நேரடியாக வழக்குப் போடலாம் என்று தீர்ப்புச் சொன்னது.

அடுத்து 1986-ல் ஒரு ஜெர்மன் பல்பொருள் அங்காடி வழக்கு. பகுதிநேர ஊழியர்களை நிறுவன ஓய்வூதியத்திலிருந்து ஒதுக்கியிருந்தார்கள். பகுதிநேரத்தில் இருப்பது பெரும்பாலும் பெண்கள். தகுந்த காரணம் இல்லாவிட்டால் அது பெண்களுக்கு எதிரான மறைமுகப் பாகுபாடுதான் என்றது அதே நீதிமன்றம். விதியில் 'பெண்' என்ற சொல்லே இல்லாவிட்டாலும், அடி யார் மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அதன் பொருள்.

2019-ல் ஒன்றியம் வேலை, குடும்ப வாழ்க்கைச் சமநிலைக்கான விதிகளை வகுத்தது. குழந்தை பிறந்தால் தந்தைக்குக் குறைந்தது 10 வேலைநாள் விடுப்பு. பெற்றோர் ஒவ்வொருவருக்கும் நான்கு மாத விடுப்பு, அதில் இரண்டு மாதத்தை மற்றவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. குழந்தைக்கு 8 வயதாகும்வரையாவது நெகிழ்வு நேரம் கேட்கலாம். ஒப்புக்கொண்ட காலம் முடிந்ததும் பழைய நேரத்துக்கே திரும்பலாம்.

மாற்றிக் கொடுக்க முடியாது என்று ஏன் வைத்தார்கள்? ஸ்வீடனின் அனுபவம் அது. 1974-லேயே அங்கே விடுப்பு இருவருக்கும் பொது. ஆனால் அப்பாக்கள் தங்கள் பங்கையும் அம்மாக்களுக்கே கொடுத்துவிட்டார்கள். 1995-ல் ஒரு மாதத்தை "எடுத்தால் எடு, இல்லாவிட்டால் போச்சு" என்று ஒதுக்கிய பிறகுதான் அப்பாக்கள் பெருமளவில் வீட்டில் தங்கத் தொடங்கினார்கள். இன்று 480 நாளில் ஆளுக்கு 90 நாள் அப்படி ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2007-க்கு முன் அப்பாவுக்கு இரண்டு நாள் மட்டும் கொடுத்த ஸ்பெயின், 2021 முதல் இருவருக்கும் தலா 16 வாரம் கொடுத்தது. வேலைக்கு எடுக்கும் முதலாளி, "இந்தப் பொண்ணு லீவுல போயிடும்" என்று இனி தயங்க முடியாது. எதிரே உட்கார்ந்திருக்கும் பையனும்தான் போவான்!

உங்கள் வீட்டிலிருந்து யாராவது போகிறார்களா?

2022 டிசம்பரில் இந்தியாவும் ஜெர்மனியும் குடிபெயர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. நம் ஊரிலிருந்து நர்ஸ்களும் இன்ஜினியர்களும் அங்கே போகிறார்கள். கூடவே துணைவர்களும் போகிறார்கள். அவர்களுக்காகச் சில வார்த்தை.

குடும்ப இணைப்பு விசாவில் ஜெர்மனி போகும் மனைவிக்கோ கணவருக்கோ வேலை செய்யவும் உரிமை உண்டு. தங்கும் அனுமதி அட்டையில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்க.

வேலையின் முக்கிய விவரங்களை ஏழு நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும் என்பது ஒன்றிய விதி. வேலை நேரம், சம்பளம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி நிற்காதீங்க.

ஐரோப்பாவின் பொது வேலைவாய்ப்புத் தளம் 'யூரெஸ்'. ஜெர்மனிக்கு 'மேக் இட் இன் ஜெர்மனி' என்ற அரசுத் தளம். இரண்டையும் போனிலேயே இலவசமாகப் பார்க்கலாம். இடைத்தரகர் சொல்வதை இதில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சம்பள வெளிப்படைத்தன்மை விதியை 2026 ஜூன் 7-க்குள் உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று ஒன்றியம் 2023-ல் கெடு வைத்தது. அதன்படி நேர்காணலுக்கு முன்பே சம்பள வரம்பைச் சொல்ல வேண்டும். பழைய வேலையில் எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்கக் கூடாது.

குறைந்த நேர வேலை எதுவாக இருந்தாலும், கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்க. நேரத்தை முடிவு செய்வது நானா, நிறுவனமா? முழுநேரத்துக்குத் திரும்ப வழி எழுத்தில் இருக்கிறதா? வேலை போனாலோ, வயதானாலோ, என் பெயரில் என்ன இருக்கும்? ஜெர்மனியில் 2019 முதல் 'பாலப் பகுதிநேரம்' என்ற உரிமை உண்டு. 45 பேருக்கு மேல் உள்ள நிறுவனத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவர், ஒன்று முதல் ஐந்து ஆண்டுவரை நேரத்தைக் குறைத்துக்கொண்டு பிறகு பழையபடி திரும்பலாம்.

இதையெல்லாம் தோழிக்கு எழுதினேன். நீண்ட நேரம் பதில் இல்லை. அப்புறம் சொன்னாள். பேக்கரியில் வாரம் இருபது மணி நேரம் தருவதாக ஏற்கெனவே கேட்டிருந்தார்களாம். "பிடித்தம் போனா கையில பெருசா ஒண்ணும் மிஞ்சாது, மினிஜாப்பே போதும்" என்று வீட்டில் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். மாதம் 2,000 யூரோவரை ஊழியரின் காப்பீட்டுப் பங்கில் சலுகை உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பிடித்தத்தில்தான் அவள் பெயரில் மருத்துவக் காப்பீடும், வேலையின்மைக் காப்பீடும், ஓய்வூதியமும் சேரும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

குழந்தைக்கு ஒரு வயது முடிந்தால் பகல்நேரக் காப்பகத்தில் இடம் கேட்பது 2013 ஆகஸ்ட் முதல் ஜெர்மனியில் சட்டப்படி உரிமை. இடம் கிடைப்பது சில ஊர்களில் பெரும்பாடு. அவளும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இந்த வாரம் கணவரோடு உட்கார்ந்து வரிப் பிரிவு பற்றியும் பேசப் போகிறாளாம். அவர் தன் பங்கு விடுப்பை எடுப்பாரா என்பதையும் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

அவள் கேட்ட கேள்விக்கு என் பதில் இது: கணக்கெடுப்பவர்களுக்கு உனக்கு வேலை இருக்கிறது. உன் பெயரில் காப்பீடும் ஓய்வூதியமும் சேரத் தொடங்கும் நாளில் உனக்கும் வேலை இருக்கும்.

உங்கள் குடும்பத்தில் வெளிநாடு போகத் தயாராகும் பெண் யாராவது இருந்தால் இதை அவருக்கு அனுப்புங்க. கூடப் போகிற ஆணுக்கும் மறக்காமல் அனுப்புங்க.